கடை வட்டும் பதிவிறக்கமும்: நிகழ்பட ஆட்டங்களின் உடைமைச் சிக்கல்

வீடியோ கேம் என்று பரவலாக அறியப்படும் நிகழ்பட ஆட்டங்கள் இன்று இரண்டு வழிகளில் விற்கப்படுகின்றன. ஒன்று, கடையில் பெட்டியாகக் கிடைக்கும் வட்டு அல்லது கேட்ரிட்ஜ். மற்றொன்று, இணையக் கடையில் பணம் செலுத்திக் கருவியில் நேரடியாக இறக்கிக்கொள்ளும் கோப்பு. இவற்றுள் எது சிறந்தது என்ற விவாதம் பெரும்பாலும் வசதி, விலை, இணைய வேகம் ஆகிய மூன்றையே சுற்றி வருகிறது. ஆனால் இரண்டு வழிகளிலும் பணம் கொடுப்பவர் பெறுவது ஒன்றல்ல. வட்டை வாங்குபவர் ஒரு பொருளின் உடைமையாளர் ஆகிறார். பதிவிறக்குபவர் பெரும்பாலும் ஒரு பயன்பாட்டு உரிமத்தை மட்டுமே பெறுகிறார். அந்த உரிமம் எவ்வளவு காலம் செல்லும் என்பது விற்பனையின்போது சொல்லப்படுவதில்லை.

இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளத் தமிழ்நாட்டின் சொத்துப் புழக்கத்தில் உள்ள மூன்று சொற்கள் உதவும். கிரயம் என்றால் முழு விற்பனை; வாங்கியவர் அதை யாருக்கும் விற்கலாம், பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லலாம். ஒத்தி என்றால் பணம் கொடுத்து அனுபவித்து, காலம் முடிந்ததும் பணத்தைத் திரும்பப் பெறுதல். வாடகை என்றால் குறித்த காலத்துக்குக் குறித்த தொகை. பதிவிறக்க ஆட்டம் இவை மூன்றிலும் சேராது. கிரயத்தின் விலையை வாங்கிக்கொள்கிறது, கிரயத்தின் உரிமையைத் தருவதில்லை. பணம் திரும்பாததால் அது ஒத்தியும் அன்று. காலம் குறிக்கப்படாததால் வாடகையும் அன்று. கடை வட்டுக்கும் பதிவிறக்கத்துக்கும் இடையிலான உண்மையான சிக்கல் இதுவே.

பின்னணி

ஆட்டங்களைக் கடைப் பெட்டியின்றி விற்கும் முயற்சி இணையக் காலத்துக்கு முந்தையது. அமெரிக்காவில் 1983 ஆம் ஆண்டு அட்டாரி 2600 கருவிக்காகக் கேம்லைன் என்ற சேவை தொடங்கப்பட்டது. தொலைபேசி இணைப்பு வழியாக ஆட்டம் கருவிக்கு வந்து சேரும். கட்டணம் குறைவு; ஆனால் இறக்கிய ஆட்டத்தைச் சில முறை மட்டுமே ஆட முடியும். அது வெளிப்படையான வாடகை.

ஜப்பானில் 1986 ஆம் ஆண்டு நின்டெண்டோ நிறுவனம் ஃபேமிகாம் டிஸ்க் சிஸ்டம் என்ற துணைக்கருவியை வெளியிட்டது. கடைகளில் வைக்கப்பட்டிருந்த எழுதும் இயந்திரத்தில் 500 யென் கொடுத்தால், வாடிக்கையாளரிடம் உள்ள பழைய வட்டை அழித்துப் புதிய ஆட்டத்தை எழுதித் தருவார்கள். கோப்பு மட்டுமே விற்கப்பட்டது என்றாலும் எழுதப்பட்ட வட்டு வாங்கியவரின் கையில் இருந்தது. அது வெளிப்படையான விற்பனை. இந்த இரு முன்னோடிகளிலும் வாங்குபவருக்குத் தாம் எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்பது தெளிவாகத் தெரிந்திருந்தது.

இன்றைய நிலைக்கு அடித்தளம் இட்டது வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் சேவை. 2003 செப்டம்பரில் தொடங்கிய இச்சேவை முதலில் ஆட்டங்களுக்கான திருத்தக் கோப்புகளை அனுப்பும் வழியாகவே பெரிதும் பயன்பட்டது. 2004 நவம்பரில் வெளியான ஹாஃப் லைஃப் 2 என்ற ஆட்டம் அதன் பயனை மாற்றியது. அந்த ஆட்டத்தைக் கடையில் வட்டாக வாங்கியவரும் ஸ்டீமில் கணக்கு தொடங்கி, இணையம் வழியாக அனுமதி பெற்ற பிறகே ஆட முடிந்தது. கடைப் பெட்டிக்குள் வட்டு இருந்தது. ஆட்டத்தைத் திறக்கும் சாவி நிறுவனத்தின் சர்வரில் இருந்தது. வட்டும் பதிவிறக்கமும் எதிரெதிர் வழிகள் என்ற எண்ணத்தை இந்நிகழ்வு தொடக்கத்திலேயே கேள்விக்குள்ளாக்கியது.

வட்டு தந்த உரிமைகள்

ஒரு நூலையோ இசைத்தட்டையோ முறைப்படி வாங்கியவர் அதை மறுவிற்பனை செய்யலாம் என்ற கொள்கை அமெரிக்கச் சட்டத்தில் முதல் விற்பனைக் கோட்பாடு எனப்படுகிறது. 1908 ஆம் ஆண்டு அந்நாட்டு உச்ச நீதிமன்றம் பாப்ஸ் மெரில் எதிர் ஸ்ட்ராஸ் வழக்கில் இதை உறுதி செய்தது. பாப்ஸ் மெரில் என்ற பதிப்பகம் தன் நூலை ஒரு டாலருக்குக் குறைவாக விற்கக்கூடாது என்று நூலிலேயே அச்சிட்டிருந்தது. மேசிஸ் அங்காடியை நடத்தியவர்கள் அதை 89 சென்டுக்கு விற்றனர். ஒரு படியை விற்றுவிட்ட பிறகு அதன் அடுத்த விற்பனையைப் பதிப்பகம் கட்டுப்படுத்த முடியாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொருளோடு ஒரு நிபந்தனைச் சீட்டை ஒட்டிவிட்டால் உடைமை மாறிவிடாது என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

கேட்ரிட்ஜும் வட்டும் இக்கொள்கையின் கீழ் இயல்பாக அமைந்தன. ஆடி முடித்த ஆட்டத்தை நண்பருக்குக் கொடுக்கலாம், தம்பி தங்கைக்கு விடலாம், கடையில் மாற்றிக்கொள்ளலாம். அமெரிக்காவின் கேம்ஸ்டாப் போன்ற தொடர்கடைகள் பழைய ஆட்டங்களை வாங்கி விற்பதை முக்கிய இலாப வழியாகக் கொண்டு வளர்ந்தன. தமிழ்நாட்டில் கேட்ரிட்ஜைக் கேசட் என்று அழைத்த தலைமுறை, ஒருவர் வாங்கிய கேசட்டைத் தெருவே மாற்றி மாற்றி ஆடியதும் இதே உரிமையின் பயன்தான்.

இந்த உரிமை எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதை 2013 ஆம் ஆண்டு காட்டியது. அவ்வாண்டு மைக்ரோசாப்ட் நிறுவனம் எக்ஸ்பாக்ஸ் ஒன் கருவியை அறிமுகப்படுத்தியபோது, கருவி 24 மணி நேரத்துக்கு ஒரு முறை இணையத்தோடு தொடர்புகொள்ள வேண்டும் என்றும், வட்டுகளைப் பிறருக்குக் கொடுப்பதற்கும் விற்பதற்கும் கட்டுப்பாடுகள் உண்டு என்றும் அறிவித்தது. போட்டியாளரான சோனி, ஒருவர் மற்றவர் கையில் ஆட்டப் பெட்டியைக் கொடுப்பதை மட்டும் காட்டும் சில நொடிக் காணொளியை வெளியிட்டு, பகிர்வது இவ்வளவு எளிது என்று கேலி செய்தது. எதிர்ப்பு வலுத்ததால் 2013 சூன் 19 அன்று மைக்ரோசாப்ட் அக்கட்டுப்பாடுகளைக் கைவிட்டது.

ஆனால் அதே கட்டுப்பாடுகள் வேறு வழியில் திரும்பி வந்தன. 2020 இல் வட்டு இயக்கி இல்லாத எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எஸ், பிளேஸ்டேஷன் 5 டிஜிட்டல் பதிப்பு ஆகியவை வெளியாயின. பிந்தையது வட்டு இயக்கி உள்ள பதிப்பைவிட 100 டாலர் குறைந்த விலையில் விற்கப்பட்டது. 2024 நவம்பரில் 700 டாலர் விலையில் வந்த பிளேஸ்டேஷன் 5 ப்ரோ, வட்டு இயக்கி இல்லாமலேயே வந்தது. வேண்டுவோர் அதைத் தனியாக வாங்க வேண்டும். 2013 இல் ஆணையாக வந்தபோது மறுக்கப்பட்ட நிபந்தனைகள், வசதியாகவும் தள்ளுபடியாகவும் வந்தபோது பெரும் எதிர்ப்பின்றி ஏற்கப்பட்டன.

பதிவிறக்கம் திறந்த கதவுகள்

கடை வட்டின் காலத்தைப் பொற்காலமாகக் காண்பது சரியன்று. வட்டையும் கேட்ரிட்ஜையும் அச்சிட முன்பணம் வேண்டும். அலமாரியில் இடம் பிடிக்கப் பெரிய வெளியீட்டாளரின் ஆதரவு வேண்டும். கணக்கு தவறினால் இழப்பும் பெரிது. அட்டாரி நிறுவனம் 1982 இல் வெளியிட்ட ஈ.டி. ஆட்டத்தின் விற்காத கேட்ரிட்ஜுகள் மறு ஆண்டில் நியூ மெக்சிகோவின் அலமகோர்டோ நகரக் குப்பைக் கிடங்கில் புதைக்கப்பட்டன. 2014 இல் அவை தோண்டி எடுக்கப்பட்டன.

பதிவிறக்கம் இந்தத் தடையை நீக்கியது. எரிக் பரோன் என்ற ஒரே மனிதர் நிரல், ஓவியம், இசை அனைத்தையும் தாமே உருவாக்கிய ஸ்டார்டியூ வேலி 2016 இல் ஸ்டீமில் வெளியாகி உலகப் புகழ் பெற்றது. தமிழர் வாழ்வைச் சொல்லும் வெண்பா என்ற ஆட்டமும் இதற்கு நல்ல சான்று. டொராண்டோவைச் சேர்ந்த விசை கேம்ஸ் குழு உருவாக்கிய இது, 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதையைச் சமையல் வழியாகச் சொல்கிறது. 2023 சூலையில் பதிவிறக்கக் கடைகள் வழியாக வெளியாகி, 2024 இல் பாஃப்டா அமைப்பின் சிறந்த அறிமுக ஆட்டத்துக்கான விருதைப் பெற்றது. இட்லி சுடும் முறையைப் புதிராக்கும் ஓர் ஆட்டத்துக்கு 1990களின் கடை அலமாரியில் இடம் கிடைத்திருக்கும் எனக் கருத முடியாது.

வாங்குபவருக்கும் சில பாதுகாப்புகள் கிடைத்தன. 2015 சூன் முதல் ஸ்டீமில் வாங்கிய ஆட்டத்தை 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால், பணத்தைத் திரும்பப் பெறலாம். உறை பிரித்த ஆட்டத்தைப் பல கடைகள் திரும்ப எடுத்துக்கொள்வதில்லை. வட்டு கீறலாம், தொலையலாம். கணக்கில் உள்ள ஆட்டத்தை மீண்டும் இறக்கிக்கொள்ளலாம். எனவே பதிவிறக்கம் என்ற தொழில்நுட்பத்தைக் குறை கூற இடமில்லை. குறை, அதனுடன் கட்டிவைக்கப்பட்ட ஒப்பந்தத்தில் உள்ளது.

விலையும் போட்டியும்

வட்டு, பெட்டி, போக்குவரத்து, கடை வாடகை எதுவும் இல்லாததால் பதிவிறக்கம் மலிவாக இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இயல்பானது. கணினி ஆட்டங்களில் இது ஓரளவு நிறைவேறியது. ஸ்டீம், கோக், எபிக் எனப் பல கடைகள் போட்டியிடுவதால் பெரும் தள்ளுபடிகள் வழக்கமாயின. ஸ்டீம் பொதுவாக விற்பனைத் தொகையில் 30 விழுக்காட்டை எடுத்துக்கொள்கிறது. 2018 இறுதியில் தொடங்கிய எபிக் கடை 12 விழுக்காடு மட்டுமே எடுப்பதாக அறிவித்தது. போட்டி இருக்கும் இடத்தில் பங்கீடும் மாறும் என்பதை இது காட்டுகிறது.

கன்சோல்களில் நிலைமை வேறு. பிளேஸ்டேஷன் கருவிக்கான பதிவிறக்க ஆட்டங்களை விற்பது சோனியின் சொந்தக் கடை மட்டுமே. முன்பு பிற வணிகர்கள் முழு ஆட்டங்களுக்கான பதிவிறக்கக் குறியீடுகளை விற்று வந்தனர். 2019 ஏப்ரலில் சோனி அதை நிறுத்தியது. அதன்பின் ஒரே கடை, ஒரே விலை. புதிய ஆட்டம் வெளியாகும் நாளில் வட்டும் பதிவிறக்கமும் பெரும்பாலும் ஒரே விலையில் விற்கப்படுகின்றன. சில மாதங்களில் கடைக்காரர் தேங்கிய வட்டுகளைத் தள்ளுபடியில் தள்ள வேண்டியிருக்கும். பதிவிறக்கக் கடைக்குத் தேங்கும் சரக்கு என்பதே இல்லை.

மறுவிற்பனையையும் சேர்த்தால் கணக்கு மேலும் மாறுகிறது. இந்தியாவில் 2020 முதல் பிளேஸ்டேஷன் 5 க்கான பெரிய ஆட்டங்கள் பல 4,999 ரூபாய்க்கு விற்கப்பட்டன. ஒரு மாணவர் அந்த வட்டை வாங்கி, ஆடி முடித்து, 3,000 ரூபாய்க்கு விற்பதாகக் கொண்டால் அவர் செலவு 1,999 ரூபாய். அதே ஆட்டத்தைப் பதிவிறக்கியவரின் செலவு முழு 4,999 ரூபாய். விலைச்சீட்டில் சமமாகத் தெரியும் இரண்டும் உண்மையில் சமமல்ல. இந்த வேறுபாடு வசதி படைத்தவருக்குச் சிறிதாகத் தோன்றலாம். ஆண்டுக்கு இரண்டு ஆட்டங்களுக்கு மேல் வாங்க இயலாதவருக்கு, மறுவிற்பனை உரிமைதான் அடுத்த ஆட்டத்துக்கான முதல்.

வாங்குக என்னும் பொத்தான்

பதிவிறக்கக் கடைகளின் பொத்தானில் வாங்குக என்று எழுதியிருக்கும். பொத்தானுக்குப் பின்னால் உள்ள ஒப்பந்தமோ உரிமம் வழங்கப்படுகிறது, விற்கப்படவில்லை என்று கூறும். ஸ்டீமின் ஒப்பந்தம் பயனரைச் சந்தாதாரர் என்றே அழைக்கிறது. கணக்கை விற்பதற்கோ பிறருக்கு மாற்றுவதற்கோ அனுமதிப்பதில்லை. இருபது ஆண்டுகளாகச் சேர்த்த நூற்றுக்கணக்கான ஆட்டங்களை ஒருவர் தம் பிள்ளைகளுக்கு முறைப்படி விட்டுச் செல்ல வழியில்லை.

இந்த முரண்பாட்டை நீதிமன்றங்கள் ஒரே மாதிரி அணுகவில்லை. 2012 சூலையில் ஐரோப்பிய நீதிமன்றம் யூஸ்டுசாஃப்ட் எதிர் ஆரக்கிள் வழக்கில், காலவரையின்றிப் பயன்படுத்துவதற்காகப் பணம் பெற்று வழங்கப்பட்ட மென்பொருள் உரிமம் விற்பனையே என்றும், பதிவிறக்கிய மென்பொருளையும் மறுவிற்பனை செய்யலாம் என்றும் தீர்ப்பளித்தது. இதைத் துணையாகக் கொண்டு பிரான்சின் நுகர்வோர் அமைப்பான யூ.எஃப்.சி. கே ஷுவாசிர் வால்வ் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது. 2019 செப்டம்பரில் பாரிஸ் நீதிமன்றம், ஸ்டீமில் நடப்பது சந்தா அன்று, விற்பனையே என்று கூறி மறுவிற்பனையை ஏற்றது. 2022 இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. நிகழ்பட ஆட்டம் வெறும் மென்பொருள் அன்று, இசை, ஓவியம், கதை சேர்ந்த படைப்பு; எனவே மென்பொருளுக்கான விதி பொருந்தாது என்பது அதன் வாதம். 2024 அக்டோபரில் பிரான்சின் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது.

இத்தீர்ப்பில் ஒரு விந்தை உண்டு. கணக்குப் பதிவு செய்யும் மென்பொருளை மறுவிற்பனை செய்யலாம். கலைப்படைப்பாக உயர்ந்துவிட்டதால் ஆட்டத்தை மறுவிற்பனை செய்ய முடியாது. ஆட்டங்களைக் கலையாக ஏற்க வேண்டும் என்று பல ஆண்டுகள் வாதாடியவர்களுக்கு, அந்த ஏற்பு வாங்குபவரின் உரிமையைக் குறைக்கும் வடிவில் வந்து சேர்ந்தது.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் வேறு பாதையைத் தேர்ந்தது. 2025 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த அதன் சட்டம், உரிமத்தை மட்டும் தரும் டிஜிட்டல் பொருட்களை அந்த உண்மையைத் தெளிவாகச் சொல்லாமல் வாங்குதல் என்ற சொல்லால் விளம்பரப்படுத்தக் கூடாது என்கிறது. விற்பவர் பின்னர் பறிக்க இயலாத வகையில், இணையமின்றிப் பயன்படுத்தும் கோப்பாக நிலையாகத் தரப்படும் பொருட்களுக்கு விலக்கு உண்டு. அச்சட்டத்தை முன்னிட்டு, பணம் செலுத்துவது ஓர் உரிமத்துக்கே என்ற அறிவிப்பை ஸ்டீம் 2024 அக்டோபரில் தன் கட்டணப் பக்கத்தில் சேர்த்தது. சட்டம் உண்மையைச் சொல்ல வைத்தது. ஆனால் உரிமையைத் திருப்பித் தரவில்லை. புகைப்பெட்டியில் எச்சரிக்கை அச்சிடுவது போன்ற நடவடிக்கை இது. தெரிந்துகொண்ட பிறகும் வேறு வழியில்லாத நிலையில், அறிவிப்பின் பயன் குறைவே.

நாட்டின் எல்லைகள்

வட்டு எல்லை கடந்து பயணம் செய்யும். பதிவிறக்கக் கணக்கு ஒரு நாட்டோடு கட்டப்பட்டிருக்கும். 2024 பிப்ரவரியில் வெளியான ஹெல்டைவர்ஸ் 2 இதை உலகறியச் செய்தது. கணினியில் ஆடுவோரும் சோனியின் பிளேஸ்டேஷன் நெட்வொர்க் கணக்கை இணைத்தாக வேண்டும் என்று அவ்வாண்டு மே மாதம் சோனி அறிவித்தது. அச்சேவை அதிகாரபூர்வமாகக் கிடைக்காத 170 க்கும் மேற்பட்ட நாடுகளிலும் ஆட்சிப்பகுதிகளிலும் ஆட்டம் ஸ்டீம் விற்பனையிலிருந்து நீக்கப்பட்டது. எதிர்ப்பால் சோனி சில நாட்களிலேயே கணக்கு நிபந்தனையைக் கைவிட்டது.

அச்சேவை கிடைக்காத நாடுகளுள் இலங்கையும் ஒன்று. யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ பிளேஸ்டேஷன் வைத்திருப்பவர், வேறொரு நாட்டின் பெயரில் கணக்குத் தொடங்கினால் மட்டுமே பதிவிறக்கக் கடைக்குள் நுழைய முடியும். அப்படிச் செய்வது பயன்பாட்டு விதிகளுக்கு முரணானது. அதாவது, அவர் பணம் கொடுத்துச் சேர்க்கும் ஆட்டங்கள் அனைத்தும் ஓர் உண்மைக்குப் புறம்பான முகவரியின் மேல் நிற்கின்றன. அவருக்கு வட்டு என்பது விருப்பம் சார்ந்த தேர்வு அன்று. பாதுகாப்பான ஒரே வழி.

மறையும் ஆட்டங்கள்

கடையில் விற்பனை நின்ற ஆட்டம் பழைய பொருள் சந்தையில் தொடர்ந்து கிடைக்கும். பதிவிறக்கமாக மட்டும் வெளிவந்த ஆட்டம் கடையிலிருந்து நீக்கப்பட்டால் அதை வாங்க வேறு இடமில்லை. யுபிசாஃப்ட் 2010 இல் வெளியிட்ட ஸ்காட் பில்கிரிம் ஆட்டம் 2014 இறுதியில் கடைகளிலிருந்து மறைந்தது. 2021 சனவரியில்தான் மீண்டும் வந்தது. இடைப்பட்ட ஆறு ஆண்டுகள் அதைப் புதிதாக வாங்க முறையான வழி இல்லை. கொனாமியின் பி.டி. என்ற இலவச முன்னோட்ட ஆட்டம் 2015 இல் நீக்கப்பட்டபின், அது ஏற்கெனவே பதிவாகியிருந்த பிளேஸ்டேஷன் 4 கருவிகளையே சிலர் அதிக விலை சொல்லி விற்பனைக்கு வைத்தனர்.

தனி ஆட்டங்கள் மட்டுமன்றி முழுக் கடைகளும் மூடப்படுகின்றன. நின்டெண்டோவின் வீ கடை 2019 சனவரியிலும், 3டிஎஸ், வீ யூ கருவிகளின் கடைகள் 2023 மார்ச்சிலும் விற்பனையை நிறுத்தின. அமெரிக்காவின் வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023 இல் வெளியிட்ட ஆய்வு, அந்நாட்டில் 2010 க்கு முன் வெளியான ஆட்டங்களில் 87 விழுக்காடு இன்று வணிக வழியில் கிடைப்பதில்லை என்று கண்டது. இவற்றில் பெரும்பான்மை கேட்ரிட்ஜாகவும் வட்டாகவும் வெளிவந்தவை என்பதால், நூலகங்களிலும் சேகரிப்பாளர்களிடமும் படிகள் எஞ்சியுள்ளன. பதிவிறக்கமாக மட்டும் வெளிவரும் தலைமுறைக்கு அந்தக் காப்பும் இல்லை.

உள்ளீடற்ற வட்டு

இதனால் வட்டை வாங்கினால் போதும் என்ற முடிவுக்கு வர முடியுமா என்றால், முடியாது. 2022 இல் வெளியான கால் ஆஃப் டியூட்டி: மாடர்ன் வார்ஃபேர் 2 ஆட்டத்தின் பிளேஸ்டேஷன் 5 வட்டில் ஏறத்தாழ 70 மெகாபைட் அளவு தரவு மட்டுமே இருந்தது. மீதி அனைத்தையும் இணையத்தில் இறக்க வேண்டும். 2025 சூனில் வெளியான நின்டெண்டோ சுவிட்ச் 2 கருவிக்கான கேம் கீ கார்டு என்ற வகை அட்டையில் ஆட்டமே இருப்பதில்லை. பதிவிறக்குவதற்கான சாவி மட்டுமே இருக்கிறது. அந்த அட்டையை மறுவிற்பனை செய்யலாம் என்பது நன்மை. பதிவிறக்கும் சர்வர் மூடப்படும் நாளில் அட்டை வெறும் பிளாஸ்டிக் என்பது தீமை.

இதன் உச்சம் யுபிசாஃப்டின் தி க்ரூ. 2014 டிசம்பரில் வெளியான இந்தக் கார் ஓட்ட ஆட்டத்தைத் தனியாக ஆடுவதற்கும் இணைய இணைப்பு கட்டாயம். 2023 டிசம்பரில் விற்பனை நிறுத்தப்பட்டது. 2024 மார்ச் 31 அன்று சர்வர்கள் மூடப்பட்டன. பதிவிறக்கியவர், வட்டு வைத்திருப்பவர் இருவரும் ஒரே நாளில் ஆட்டத்தை இழந்தனர்.

இந்நிகழ்வைத் தொடர்ந்து ராஸ் ஸ்காட் என்ற காணொளிப் படைப்பாளர் ஆட்டங்களை அழிப்பதை நிறுத்துங்கள் என்ற கருத்தில் ஓர் இயக்கத்தைத் தொடங்கினார். அதன் தொடர்ச்சியாக ஐரோப்பிய ஒன்றியத்தில் முன்வைக்கப்பட்ட குடிமக்கள் மனு 2025 சூலையில் 10 இலட்சம் கையொப்பங்களைக் கடந்தது. சர்வர்களை என்றென்றும் நடத்த வேண்டும் என்று அம்மனு கேட்கவில்லை. ஆதரவை நிறுத்தும்போது ஆட்டத்தை இயங்கும் நிலையில் விட்டுச் செல்ல வேண்டும் என்று மட்டுமே கேட்டது. யுபிசாஃப்டும் 2024 செப்டம்பரில், தி க்ரூ 2 உள்ளிட்ட தொடரின் பிற ஆட்டங்களுக்கு இணையமற்ற முறையைச் சேர்ப்பதாக அறிவித்தது. முதல் ஆட்டத்தை வாங்கியவர்களுக்கு அது பயன்படவில்லை.

எதிர்வாதங்கள்

பதிவிறக்க முறையை ஆதரிப்போர் மூன்று வாதங்களை முன்வைக்கின்றனர். முதலாவது, பழைய வட்டு விற்பனையில் படைப்பாளிக்கு ஒரு காசும் செல்வதில்லை. இது உண்மை. ஆனால் பழைய நூல், பழைய மிதிவண்டி எதிலும் இதுவே நிலை. மேலும், விற்க முடியும் என்ற நம்பிக்கையே பலரை முதல் நாளில் முழு விலை கொடுத்து வாங்க வைக்கிறது.

இரண்டாவது, டிஜிட்டல் கோப்பு தேய்வதில்லை. மறுவிற்பனையை அனுமதித்தால் புதியதற்கும் பழையதற்கும் வேறுபாடு இருக்காது. இது வலுவான வாதம். சிறிய படைப்பாளிகளை இது பெரிதும் பாதிக்கலாம். ஆயினும் முழுத் தடைக்கும் முழு அனுமதிக்கும் இடையில் வழிகள் உண்டு. நின்டெண்டோ 2025 இல் கொண்டுவந்த மெய்நிகர் ஆட்ட அட்டை முறையில், பதிவிறக்கிய ஆட்டத்தைக் குடும்பக் குழுவில் உள்ள ஒருவருக்கு இரண்டு வாரம் இரவல் தரலாம். அந்நாட்களில் கொடுத்தவரால் அதை ஆட முடியாது. கோப்பையும் ஒரு பொருளைப் போல ஒருவரிடமிருந்து மற்றவருக்கு மாற்றுவது தொழில்நுட்பத்தில் இயலாதது அன்று என்பதை இது மெய்ப்பிக்கிறது.

மூன்றாவது, பெரும்பாலானோர் ஆட்டத்தை ஒரு முறை ஆடி மறந்துவிடுகின்றனர். நிலையான உடைமை யாருக்கும் தேவையில்லை. அப்படியானால் அதற்குரிய விலை வாடகை விலையாக இருக்க வேண்டும். மாதச் சந்தா சேவைகள் அவ்வாறே இயங்குகின்றன. அவற்றில் ஏமாற்றம் இல்லை. முழு விலையையும் பெற்றுக்கொண்டு வாடகைக்காரரின் உரிமையைத் தருவதை இந்த வாதம் நியாயப்படுத்தாது.

மதிப்பீடு

கடையா, பதிவிறக்கமா என்ற கேள்வி 2004 இல் இருந்த தெளிவோடு இன்று இல்லை. பதிவிறக்கியும் முழு உடைமை பெறலாம் என்பதைக் கோக் காட்டுகிறது. போலந்தின் சிடி ப்ராஜெக்ட் குழுமத்தைப் பின்னணியாகக் கொண்டு 2008 இல் தொடங்கிய இக்கடை, பூட்டு இல்லாத நிறுவற் கோப்புகளைத் தருகிறது. அவற்றைத் தனி வன்தட்டில் சேமித்தால் கடை மூடினாலும் ஆட்டம் இயங்கும். வட்டை வாங்கியும் எல்லாம் இழக்கலாம் என்பதைத் தி க்ரூ காட்டுகிறது. ஆகவே வாங்குபவர் கேட்க வேண்டியவை வேறு கேள்விகள். இணையமின்றி இந்த ஆட்டம் இயங்குமா? பிறருக்கு மாற்றித் தர முடியுமா? விற்ற நிறுவனம் விலகிக்கொண்டால் என்ன எஞ்சும்? மூன்றுக்கும் சாதகமான விடை இருந்தால் அது கிரயம். கோப்பாக இருந்தாலும் முழு விலை கொடுக்கத் தகும். மூன்றுக்கும் பாதகமான விடை என்றால் அது பெயரிடப்படாத வாடகை. பளபளக்கும் பெட்டியில் வந்தாலும் வாடகைக்குரிய விலையே அதற்குப் போதும்.

தனி மனிதரின் விழிப்பு மட்டும் இதைத் தீர்க்காது. ஒரே கடை உள்ள கன்சோலில் பேரம் பேச இடமில்லை. விற்பனையின்போதே குறைந்தபட்ச ஆதரவுக் காலத்தை அறிவிப்பது, ஆதரவு முடியும்போது இணையமற்ற வடிவத்தைத் தருவது, வரம்புக்குட்பட்ட மாற்றுரிமையை ஏற்பது ஆகிய மூன்றும் சட்டமாக வேண்டியவை. 1908 இல் ஒரு நூலில் அச்சிட்ட நிபந்தனைக்கு நீதிமன்றம் இட்ட எல்லை, திரையில் தோன்றும் ஒப்பந்தங்களுக்கு இன்னும் இடப்படவில்லை. அது வரும் வரை, பதிவிறக்கக் கடையில் வாங்குக என்ற சொல்லுக்கு அகராதிப் பொருள் ஒன்றாகவும் நடைமுறைப் பொருள் வேறொன்றாகவும் இருக்கும்.